பெயர் சொல்லிக் கூப்பிடும் கடை

ஓசூர்
10-3-2024

அன்பு அண்ணிக்கு சந்தியா எழுதுவது. நான் சுகம். உங்கள் சுகமும், அப்பாவின் இருமல் எப்படி இருக்கிறது என்பதும், மலையில் மழை உண்டா என்பதும் அறிய ஆவல். அண்ணன் இந்த மாசமாவது வந்தாரா? பெங்களூரில் டிராவல்ஸ் வண்டி ஓட்டுகிறவருக்கு ஓசூர் போகிற வழிதானே. ஒரு நாள் இறங்கித் தங்கச்சியை எட்டிப் பார்த்தால் என்ன என்று நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

போன் பண்ணலாம்தான். நீங்கள் கோயில் பாறைமேல் ஏறி நின்றால்தான் டவர் கிடைக்கும். அங்கே ஏற்கெனவே பத்துப் பேர் நின்றுகொண்டு நாம் பேசுவதற்கெல்லாம் தலையாட்டுவார்கள். போன தடவை நான் உங்களைக் கேட்ட கேள்விக்கு ராமக்கா அத்தை பதில் சொன்னாரே, மறந்துவிட்டீர்களா? அதனால் கடுதாசிதான்.

பயிற்சி முடிந்தது. இப்போது நான் பாரிஸ்டா. காபி போடுகிறவள் என்று சொன்னால் போதாதா என்று நீங்கள் சிரிப்பது இங்கே கேட்கிறது. சும்மா நிற்கவே கூடாது அண்ணி. கூட்டம் இல்லாவிட்டாலும் துணியை எடுத்து எதையாவது துடைக்க வேண்டும். ரூமுக்கு வந்த பிறகும் என் கை ஜன்னல் கட்டையைத் துடைத்துக்கொண்டிருக்கிறது.

இன்னொரு கூத்து. பில் போடும்போதே வந்தவர் பெயரைக் கேட்டுக் கப்பில் எழுதிவிடுவோம். காபி ஆனதும் அந்தப் பெயரைச் சத்தமாக இரண்டு முறை, சிரித்த முகத்தோடு கூப்பிட வேண்டும். சார், மேடம், அண்ணா எதுவும் கூடாது. வெறும் பெயர். நேற்று வெங்கடாசலம் என்று ஒரு பெரியவர் வந்தார், வெள்ளை வேட்டி, நம் அப்பா வயசு. எனக்கு வாயே வரவில்லை. "வெங்கடாசலம்ங்க" என்று கூப்பிட்டேன். கடையே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்காமல் வந்து வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த மாசம் தொப்பூர் கணவாய் பக்கத்தில், ஹைவேயிலேயே புதுக் கிளை திறக்கிறார்கள். தர்மபுரிப் பெண்தானே என்று என்னை அங்கே மாற்றுகிறார்கள்.

உங்கள்
சந்தியா

சித்தேரி
24-3-2024

சந்தியாவுக்கு அண்ணி எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். மாமாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது, பீடி குறையவில்லை. புளி உலுக்குகிற காலம். என் கை பட்ட இடமெல்லாம் புளி. இந்தக் காகிதத்திலும் இருக்கும், நக்கிப் பார்க்காதே.

உன் அண்ணன் வந்தார். சாயங்கால பஸ்ஸில் வந்தார், சாப்பிட்டார், தூங்கினார், காலை பஸ்ஸில் போய்விட்டார். சவாரிக்கு ஆள் காத்திருக்கிறதாம். நீ கேட்டதைச் சொன்னேன். "ம்" என்றார். அந்த "ம்"மை அப்படியே உனக்கு அனுப்பிவைக்கிறேன்.

ஒரு கப் காபி முந்நூறு ரூபாய் என்று நீ முன்னே சொன்னதை ராமக்கா அத்தையிடம் சொன்னேன். "அதுல கோழியும் போட்டுத் தருவாங்களா?" என்று கேட்டார். என் அம்மா வூடு இருக்கிற வத்தல்மலையில் காபிச் செடிக்கு நடுவில்தான் நான் வளர்ந்தேன். பழம் பறிக்கிறவளுக்கு அங்கே ஒரு பட்டமும் கிடையாது. கொதிக்க வைத்து ஊற்றுகிறவளுக்கு மட்டும் பாரிஸ்டாவா?

பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்கு மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. சம்பளத்துக்காகக் கூப்பிடுகிறாய், சாமி மன்னிக்கும். ஆனால் நம் ஆட்கள் யாராவது வந்தால் அங்கேயும் பெயரைச் சொல்லித் தொலைக்காதே. முறை சொல்லிக் கூப்பிடு. உன் மேனேஜர் கேட்டால் அண்ணி சொன்னாள் என்று சொல்.

உன்
அண்ணி

தொப்பூர்
28-4-2024

அன்பு அண்ணிக்கு,

வந்து சேர்ந்தேன், சுகமாக இருக்கிறேன். நீங்களும் அப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? அண்ணன் வந்தாரா? எனக்கு இடம் மாறியது அவருக்குத் தெரியுமா? நான் அடித்தால் போன் எடுப்பதில்லை. சேலம் பக்கம் சவாரி போனால் எங்கள் வாசலைத் தாண்டாமல் போகவே முடியாது. வந்தால் ஓசிக் காபி என்று ஆசை காட்டுங்கள்.

ஓசூரில் பார்த்தது கூட்டமே இல்லை. இங்கே காலையில் கதவைத் திறக்கும்போதே கார்கள் நிற்கின்றன. பில் போடுகிறவள் யுவராணி, காரிமங்கலத்துப் பெண். அவள் கை ஓய்வதற்குள் என் முன்னால் கப்புகள் வரிசை கட்டி நின்றுவிடும். மெஷின் ஒரு பக்கம் சீறும், பால் ஒரு பக்கம் பொங்கும், நடுவில் நான் பெயர்களைக் கத்திக்கொண்டிருப்பேன். கணவாயில் ஏதாவது லாரி கவிழ்ந்தால் வண்டிகள் நின்றுபோய் அன்றைக்கு இன்னும் கூட்டம். மேனேஜர் அருள்குமார் அன்றைய விற்பனையைப் பார்த்துச் சந்தோஷப்படுவார். எனக்கு அன்று சாப்பாடு இறங்காது.

ஹைவே சத்தம் ராத்திரியும் ஓய்வதில்லை. எங்கேயோ போகிறவர்களுக்கு நடுவில் நான் மட்டும் நின்றுகொண்டே இருக்கிறேன் என்று தோன்றும். அந்த நேரத்தில் உங்களைத்தான் நினைப்பேன். காலேஜுக்கு அனுப்ப முடியாது என்று அண்ணன் சொன்னபோது, அவர் சரி என்கிற வரைக்கும் அடுப்பையே பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தீர்களே. அம்மா செத்த பிறகு அந்த வூட்டில் எனக்காக ஒருத்தர் கோபப்பட்டது அப்போதுதான். உங்களை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள் அண்ணி?

உங்கள்
சந்தியா

சித்தேரி
14-5-2024

சந்தியாவுக்கு,

நலம். மாமாவும் நலம். ஆள் இல்லாத ஊரில் இருக்கிற மாதிரி யார் இருக்கிறார்கள் என்று எழுதாதே, எனக்குக் கோபம் வரும்.

உன் அண்ணன் வரவில்லை. இரண்டு மாசமாகிறது. இடம் மாறியதைச் சொல்ல ஆளைக் கண்ணில் கண்டால்தானே. ஆடியில் சாமை விதைக்க வருவார். இந்த ஊர் வழக்கப்படி முதல் பிடியைப் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் கையும் சேர்ந்துதான் போட வேண்டும், அதற்காவது வந்துதானே ஆக வேண்டும்.

ஊரில் ஒரு சேதி. மேலத்தெரு பாஞ்சாலி துரும்பு கிள்ளிவிட்டாள். அவள் புருஷன் குடித்துவிட்டு அடித்தது போதும் என்று ஊர்க்கவுண்டர் முன்னால் போய் நின்றாள். இரண்டு பேரும் ஒரு துரும்பைப் பிடித்துக் கிள்ளிப் போட்டார்கள், கல்யாணம் முடிந்தது. எங்கள் வத்தல்மலையிலும் இது உண்டு. ஆனால் இங்கே இருக்கிற கெடுபிடி அங்கே கிடையாது. துரும்பு விழுந்ததிலிருந்து இரண்டு வூட்டு ஆட்களும் ஒருவரை ஒருவர் முறை சொல்லிக் கூப்பிடக் கூடாதாம். மறுநாள் சுனையில் நான் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தேன். பாஞ்சாலியின் நாத்தனார் வந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அண்ணி அண்ணி என்று பின்னாலேயே திரிந்தவள், "பாஞ்சாலி, கொஞ்சம் நவுரு" என்றாள். பாஞ்சாலி நகர்ந்தாள். புருஷனை விட்டதற்கு அழாதவள் அதற்கு அழுதாள். எனக்கும் அன்று முழுக்க மனசு சரியில்லை.

நீ வேளைக்குச் சாப்பிடு.

உன்
அண்ணி

தொப்பூர்
20-6-2024

அன்பு அண்ணிக்கு,

நான் நலம். நீங்களும் அப்பாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள். கடையில் கூட்டம் அதிகம். கையில் ஆவி பட்டுவிட்டது, வலது மணிக்கட்டில். பயப்படும்படி ஒன்றும் இல்லை, ஆறிவருகிறது.

பாஞ்சாலி அக்காவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்த நாத்தனாருக்கு வேறு வழியே இல்லையா? யாரும் இல்லாத இடத்திலாவது அண்ணி என்று கூப்பிடலாமே. ஊர்க்கவுண்டர் காதுக்குப் போகாத இடம் ஒன்றுகூடவா இல்லை? நீங்கள் விசாரித்து எழுதுங்கள்.

வேறு விசேஷம் இல்லை.

உங்கள்
சந்தியா

சித்தேரி
3-7-2024

சந்தியாவுக்கு,

கைக்குக் கற்றாழையைக் கீறித் தடவு. கடைக்காரர்கள் கொடுக்கிற பசை எல்லாம் வாசனைக்குத்தான். அத்தனை நாள் பழகிய மெஷின் கையை எப்படிச் சுட்டது? எங்கே பார்த்துக்கொண்டிருந்தாய்?

பாஞ்சாலி சங்கதி உனக்கு எதற்கு இவ்வளவு? கேட்டாய் என்று ராமக்கா அத்தையிடம் விசாரித்தேன். "கூப்புட்டா சாமிக்குக் கேக்காதா?" என்று என்னைத் திட்டினார். வழி இல்லை.

ஆனி முடியப்போகிறது, நிலத்தை உழுது போட்டாயிற்று. உன் அண்ணனுக்குக் கண்டக்டர் இன்னாசியிடம் இரண்டு தடவை சொல்லி அனுப்பினேன். பாறைமேல் ஏறிப் போன் அடித்தேன், மணி அடித்து அடித்து நின்றுவிட்டது. உன்னிடமாவது பேசினாரா? பேசினால் ஆடி வந்துவிட்டது என்று சொல்.

உன்
அண்ணி

தொப்பூர்
29-7-2024

அன்பு அண்ணிக்கு,

நலம். உங்கள் நலமும் அப்பா நலமும் அறிய ஆவல். கை ஆறிவிட்டது. இங்கே காற்று பலமாக அடிக்கிறது, கடை வாசலில் வைத்த குடையெல்லாம் பறந்துபோகிறது. புது மெஷின் வந்திருக்கிறது. அதைப் பழகவே நேரம் சரியாக இருக்கிறது. பிறகு எழுதுகிறேன்.

சந்தியா

சித்தேரி
12-8-2024

சந்தியாவுக்கு,

எனக்கு நலம்தான். மாமாவுக்கும் நலம்.

விதைத்துவிட்டேன். ஆடி முடியப்போகிறது, இனியும் யாருக்காகக் காத்திருப்பது? முதல் பிடியை என் இரண்டு கையையும் சேர்த்து நானே போட்டேன். ஊரார் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

அன்றைக்கு உன் கடுதாசிகளை வரிசையாக எடுத்துப் படித்தேன். மாசியில் அண்ணன் வந்தாரா என்று கேட்டிருக்கிறாய். சித்திரையிலும் கேட்டிருக்கிறாய். அப்புறம் கேட்கவே இல்லை. நான் நேராகக் கேட்டும் உன்னிடமிருந்து பதில் இல்லை. கடைசிக் கடுதாசியில் காற்று உண்டு, குடை உண்டு, மெஷின் உண்டு, உன் கூடப்பிறந்தவர் இல்லை.

செத்தவர்களைத்தான் நலம் விசாரிக்க மாட்டோம். அவர் உயிரோடுதான் இருக்கிறார், இன்னாசி பெங்களூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்திருக்கிறான். அப்படியென்றால் நீ எதையோ பார்த்திருக்கிறாய். துரும்பைப் பற்றி நீ அத்தனை கேள்வி கேட்டது எதற்கென்றும் இப்போது விளங்குகிறது. என்ன பார்த்தாய் என்று எழுது. சுற்றி வளைக்காதே.

சுமலதா

தொப்பூர்
19-8-2024

அண்ணிக்கு,

நலம் விசாரிக்க எனக்கு முகம் இல்லை. எழுதிவிடுகிறேன்.

மே மாசக் கடைசி ஞாயிறு. நல்ல கூட்டம். யுவராணி பில் போட்டு அனுப்பிய கப்பில் பூபதி என்று இருந்தது. எத்தனையோ பூபதி வருகிறார்கள். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சிரித்த முகத்தோடு பூபதி, பூபதி என்று கூப்பிட்டேன். எதிரே வந்து நின்றது அண்ணன். தோளில் மூன்று வயசு இருக்கும் ஒரு பெண் குழந்தை, அவர் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. பின்னால் ஒரு பெண், கையில் குழந்தையின் செருப்பு. நான் மாஸ்க்கும் தொப்பியும் போட்டிருந்தேன். ஆனாலும் என் குரலில் கண்டுபிடித்துவிட்டார். நான் ஓசூரில்தான் இருக்கிறேன் என்று நினைத்து வந்திருக்கிறார். குழந்தை அவரை அப்பா என்றது. ஆவிக்குழாயை மூடாமலே கையை விட்டேன். கை சுட்டது அப்போதுதான்.

பெற்ற அப்பாவுக்கு அடுத்தபடி இருக்கிறவரை, பெயர் சொல்லி, அதுவும் சிரித்துக்கொண்டு கூப்பிட்டுவிட்டேன். அந்த நேரத்தில் எனக்கு அதுதான் முதலில் உறைத்தது. மற்றதெல்லாம் பிறகுதான்.

இரண்டு நாள் கழித்துத் தனியாக வந்தார். கார் நிறுத்துகிற இடத்துக்குக் கூப்பிட்டார். "ஆடிக்கு நானே வந்து அவகிட்ட சொல்லிப்புடறேன். நீ வாயத் தொறக்காத. தொறந்தன்னா துரும்புதான். அப்புறம் உனக்கு அண்ணின்னு ஒருத்தி இருக்கமாட்டா" என்றார். அவருக்குப் பயந்து நான் வாயை மூடவில்லை அண்ணி. அந்தக் கடைசிப் பேச்சுக்குப் பயந்தேன். சுனையில் அந்த நாத்தனார் நின்ற இடத்தில் என்னை நிறுத்திப் பார்த்தேன். என்னால் முடியாது.

உங்களுக்குச் செய்தது துரோகம்தான். திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

உங்கள்
சந்தியா

வத்தல்மலை
6-10-2024

சந்தியாவுக்கு சுமலதா எழுதுவது.

நான் நலம். அம்மா வூட்டுக்கு வந்துவிட்டேன். இடையில் நீ போட்ட இரண்டு கடுதாசியும் வந்தன, பதில் எழுத மனசு வரவில்லை.

புரட்டாசி முதல் வாரம் துரும்பு கிள்ளினோம். ஊர்க்கவுண்டர் ஆள் அனுப்பிய பிறகுதான் உன் அண்ணன் வந்தார். எதையும் மறுக்கவில்லை, தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். உன் அப்பாதான் கூரையிலிருந்து துரும்பை உருவி என் கையில் கொடுத்தார். "கிள்ளு ஆத்தா, எம் பையனால உன் காலம் போவ வேண்டாம்" என்றார். அவரை மாமா என்று கூப்பிட்டது அதற்கு முந்தின நிமிஷம்தான் கடைசி. அவருக்கு இனி ராமக்கா சோறு போடுவாள்.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. இல்லை என்று எழுத மாட்டேன். அவர் செய்ததைவிட நீ மறைத்ததுதான் எனக்கு அதிகம் வலித்தது. மே மாசமே சொல்லியிருந்தால் நான் அந்தக் காட்டில் விதைத்திருக்க மாட்டேன். விதைத்ததை அப்படியே விட மனசு வராமல், யாரோ அறுக்கப்போகிற சாமைக்கு ஆவணி முழுக்கக் குனிந்து களை எடுத்தேன்.

இனி அண்ணி என்று எழுதாதே. முறை இல்லை.

சுமலதா

தொப்பூர்
24-11-2024

நான் நலம். உங்கள் நலம் அறிய ஆவல். மேலே என்ன எழுதுவது என்று தெரியாமல் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். பெயர் எழுதப் பேனா ஓடவில்லை. நாள் முழுக்க ஊரார் பெயரையெல்லாம் எழுதுகிற கை இது.

சாமை அறுப்புக்கு லீவு கேட்டேன். அருள்குமார் சார் முடியாது என்றார். சம்பளம் பிடித்தாலும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டுச் சித்தேரிக்குப் போனேன். அண்ணன் வரவில்லை. வந்திருந்தாலும் பேசியிருக்க மாட்டேன். நீங்கள் விதைத்ததை நானும் அப்பாவும் அறுத்தோம். நல்ல விளைச்சல், கதிர் தலை சாய்ந்து கிடந்தது. எனக்குப் பழக்கம் விட்டுப்போய் விரலெல்லாம் வெட்டு. அடித்துப் புடைத்து, மூட்டை கட்டி, இன்னாசி அண்ணன் பஸ்ஸில் அரூர் வரைக்கும், அங்கிருந்து தர்மபுரி, அங்கே வத்தல்மலை பஸ்ஸில் நானே ஏற்றிவிட்டேன். விதைக்கு வேண்டியது போக மிச்சம் எல்லாம் உங்களுக்குத்தான். அப்பா தன் கையால் மூட்டையைத் தைத்தார். வந்து சேர்ந்திருக்கும்.

கோபம் தணிய வேண்டாம். அது இருக்கட்டும். ஒரே ஒரு தடவை எங்கள் கடைக்கு வாருங்கள். அங்கே யாரும் யாரையும் என்ன முறை என்று கேட்பதில்லை.

சந்தியா

வத்தல்மலை
19-1-2025

சந்தியாவுக்கு,

நலம். பொங்கலுக்குக் காபிப் பழம் பறிக்கிற வேலை கொஞ்சம் ஓய்ந்தது. அதனால்தான் அன்றைக்குக் கீழே இறங்கினேன். நான் வந்ததும் நடந்ததும் உனக்கே தெரியும். இருந்தாலும் எழுதிவிடுகிறேன், அங்கே உன்னோடு பேச முடிந்ததா? என் பின்னால் அத்தனை பேர் வரிசையில்.

நீ உள்ளே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாய். அந்த யுவராணிப் பெண் பெயர் கேட்டது. சுமலதா என்றேன். கப்பில் எழுதி உன் பக்கம் தள்ளியது. நான் போய்க் கண்ணாடி ஓரத்தில் உட்கார்ந்தேன். நீ கப்பை எடுத்துப் பார்த்தாய். பார்த்துக்கொண்டே நின்றாய். உன் கை ஓய்ந்து நான் பார்த்தது அப்போதுதான்.

பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாய், அதுதான் உன் வேலை, அதுதான் ஊர் வழக்கமும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பாஞ்சாலி மாதிரி அழுதுவிடக் கூடாது, அவ்வளவு பேர் நடுவில் அசிங்கம் என்று முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டேன்.

நீ அண்ணி என்று கூப்பிட்டாய்.

உன் மேனேஜர் எட்டிப் பார்த்தார். இரண்டாவது தடவை இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாய். சிரித்த முகத்தோடு இல்லை. நாலைந்து பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள், அவர்களில் யாரும் எழவில்லை. நான் எழுந்து வந்தேன்.

ஊர்க்கவுண்டர் காதுக்குப் போய்க் கேட்டால், சம்பளத்துக்காகக் கூப்பிட்டாள் என்று சொல்லிக்கொள்கிறேன். காபி வாயில் வைக்க வழியில்லை, ஒரே கசப்பு. நம் தோட்டத்துப் பழம் காய்ந்ததும் வறுத்து அரைத்து அனுப்புகிறேன், உன் மேனேஜருக்கும் ஒரு வாய் கொடு. சாமைச் சோறு நன்றாக இருக்கிறது. விரல் வெட்டின் தழும்புக்கு மஞ்சள் வை.

உன்
அண்ணி